கேமரா இருக்கிறது, ஆர்டர் படிவம் எங்கே?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் கம்பெனியில் வேலை. கைக்கு 28,000 ரூபாய் வருகிறது. ஐந்து வருடமாகக் கேமரா வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் ஆரம்பித்து, இப்போது வெளி ஆர்டர்களும் வருகின்றன. போன வருடம் சுமார் 4 லட்சம் வந்தது. 3 லட்சம் ஜிபேயில், 1 லட்சம் ரொக்கமாக. எல்லாம் என் சேமிப்புக் கணக்கில்தான். இதை முறையான தொழிலாக்க ஆசை. ஜிஎஸ்டி எடுக்காமல் பில் போடக் கூடாது என்கிறார் நண்பர். எடுக்கவா? கடை போடவா? வேலையை விடலாமா? இன்னொன்று: நான் இன்ஸ்டாகிராமில் போட்ட படங்களை ஒரு கல்யாண வீட்டார் நீக்கச் சொல்லிவிட்டார்கள். ஆல்பத்தையும் வாங்கிக்கொண்டு 12,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார்கள். எடுத்தவன் நான்தானே, படத்தின் உரிமை எனக்கில்லையா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அதிலிருந்தே தொடங்கலாம்.

உரிமை உங்களுக்கில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. காசு வாங்காமல் நண்பனுக்காக எடுத்த படம் உங்களுடையது. அட்வான்ஸ் வாங்கி எடுத்த முகூர்த்தப் படம் கல்யாண வீட்டாருடையது. நம் ஊர்ப்பக்கம் போட்டோகிராஃபர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களை இன்ஸ்டாகிராமிலிருந்து உடனே நீக்கிவிடுங்கள். பாக்கிப் பணத்தை இதோடு முடிச்சுப் போட்டு, ‘பணம் கொடுத்தால் நீக்குகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள். மிரட்டியதாக எதிராளி உங்கள் மேலேயே புகார் கொடுக்க அந்த ஒரு வரி போதும்.

அதே பிரிவில் ‘வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று இருக்கிறது அல்லவா, உங்கள் தொழில் முழுவதும் அந்த வரியில்தான் நிற்கிறது. பதிவு, சான்றிதழ் எல்லாம் அரை நாள் வேலை. ஆர்டர் எடுக்கும்போது கையெழுத்து வாங்கும் இரண்டு பக்கத் தாள் இல்லாதவரை, எத்தனை சான்றிதழ் மாட்டினாலும் அது கைச்செலவுக்குப் படம் பிடிப்பதுதான்.

அந்தத் தாளைத் தமிழில் அடியுங்கள். பெண்ணின் அப்பாவுக்குப் படித்தவுடன் புரிய வேண்டும். தேதி, மண்டபம், நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதுங்கள். ‘இரண்டு நாள்’ என்று மட்டும் போட்டால், முதல் நாள் காலை பந்தக்கால் நடுவதிலிருந்து மறுநாள் இரவு சாந்தி முகூர்த்த அறை அலங்காரம் வரைக்கும் அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் மாலை 5 முதல் 10 வரை பெண் அழைப்பும் ரிசப்ஷனும், மறுநாள் காலை 4 முதல் 11 வரை முகூர்த்தம் என்று போட்டு, மேற்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதையும் அங்கேயே எழுதுங்கள். எத்தனை பேர் வருவீர்கள், அதில் கேண்டிட் (இயல்பான தருணங்களை எடுப்பவர்) யார், டிரடிஷனல் (நிறுத்திவைத்து எடுப்பவர்) யார், வீடியோ யார் என்பதும் இருக்கட்டும். திருத்திய படங்கள் எத்தனை, ஆல்பத்தின் அளவு என்ன, எத்தனை தாள், வீடியோ எத்தனை நிமிடம் என்பதை எண்ணாலேயே குறிப்பிடுங்கள். ரா கோப்புகள் (கேமராவில் பதிந்தபடியே உள்ள திருத்தாத மூலக் கோப்புகள்) தரப்படுமா இல்லையா என்பதை மறக்காதீர்கள். ஆல்பம் கொடுத்த பிறகு வரும் சண்டைகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

பணம் மூன்று தவணை: தேதி பதிய 30 சதவீதம், முதல் நாள் மாலை வேலை தொடங்குமுன் 50, ஆல்பம் கையில் கொடுக்கும்போது 20. நடுத்தவணையை ‘கல்யாணம் முடிந்ததும்’ என்று தள்ளினால், மண்டப பாக்கி, சமையல்காரர், பூக்காரர் எல்லோருக்கும் கொடுத்த பிறகு கடைசி ஆளாக நிற்பீர்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதை வீட்டார் மாதக்கணக்கில் இழுப்பார்கள். புதுப்பெண் மாமியார் வீட்டில், மாப்பிள்ளை வெளிநாட்டில், யார் தேர்வு செய்வது என்றே முடிவாகாது. படங்கள் கொடுத்த 30 நாளுக்குள் தேர்வு வராவிட்டால் நீங்களே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பலாம், கடைசித் தவணையும் அன்றே கேட்கலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

வீட்டில் சாவு விழுந்து தேதி மாறுவது நடக்கக்கூடியது. ஆறு மாதத்துக்குள் நீங்கள் காலியாக இருக்கும் தேதிக்கு மாற்றினால் அட்வான்ஸ் அப்படியே கணக்கில் நிற்கும், முழுதாக ரத்தானால் எவ்வளவு கழியும் என்று போடுங்கள். உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அதே தரத்தில் மாற்று ஆள் அனுப்பும் பொறுப்பு உங்களுடையது. கருவிக் கோளாறால் படம் போய்விட்டால் இழப்பீடு வாங்கிய தொகைக்கு மேல் போகாது என்ற வரியும் தேவை. நுகர்வோர் ஆணையம் இந்த வரிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை; ஆனால் ஒன்றுமே எழுதாமல் போய் நிற்பதற்கு இது மேல்.

பதிப்புரிமைக்குத் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து. மூன்று வழி வையுங்கள்: எங்கும் போடக் கூடாது; முகம் தெரியாத படங்கள் மட்டும் போடலாம்; வீட்டார் பார்த்து ஒப்புக்கொண்டவற்றைப் போடலாம். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் தனியாக வேண்டும். வீடியோவில் சினிமாப் பாட்டு சேர்ப்பதும் இங்கேதான் வருகிறது. கல்யாணத்தில் பாட்டு ஒலிக்கச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. அதே பாட்டை ஹைலைட்ஸ் வீடியோவில் ஒட்டி உங்கள் விளம்பரத்துக்குப் போட அந்த விலக்கு உதவாது. விளம்பர வீடியோவுக்கு உரிமம் வாங்கிய இசையோ, அந்த மண்டபத்திலேயே வாசித்த நாதஸ்வரமோ போதும். வாசித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அரசாங்கக் காகிதம். உங்கள் பெயரிலேயே தனிநபர் நிறுவனமாக நடத்துங்கள். அதற்குத் தனிப் பதிவு கிடையாது. உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இணையத்தில்; கட்டணமில்லை. பான், ஆதாரோடு இணைந்த செல்போன் போதும். தொழில் வகையில் 7420, புகைப்படப் பணிகள். காசு கேட்கும் தளம் வந்தால் அது இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையான திட்டச் செலவில், வகுப்புக்கும் ஊருக்கும் ஏற்ப 15 முதல் 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் புதிய தொழிலுக்கு மட்டும்தான். உத்யம் பதிந்து, பில் போட்டு, கேமராவும் வாங்கிவிட்டுப் போனால் ‘ஏற்கெனவே நடக்கும் தொழில்’ என்று திருப்பிவிடுவார்கள். ஆகவே முதலில் வேலூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பெரிய கடன் வேண்டாம், ஒரு லென்ஸ்தான் வேண்டும் என்றால் முத்ரா என்ற சிறுதொழில் கடன் போதும். அதில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர்.

அடுத்தது, தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு, அதற்கென ஒரு கியூஆர். சேமிப்புக் கணக்கில் சம்பளமும் ஆர்டர் பணமும் மளிகைச் செலவும் கலந்து கிடந்தால் வருடக் கடைசியில் எது வருமானம் என்று உங்களாலேயே பிரிக்க முடியாது.

வருமான வரியில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. சிறு தொழிலுக்கு ஊக வருமான முறை இருக்கிறது: செலவுக் கணக்கு காட்டாமல், வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டுவது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 44ஏடி பிரிவு. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண்தான் மாறியது. வங்கி வழி வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்ட வேண்டும். உங்கள் கணக்கில் 18,000மும் 8,000மும் சேர்த்து 26,000. சம்பளத்தோடு கூட்டினாலும் புதிய வரி முறையில் உங்களுக்கு வரி வராது. மருத்துவர், வக்கீல் போன்றோருக்கான 50 சதவீத முறை வேறு. கல்யாண போட்டோகிராஃபர் அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளம் மட்டும் காட்டும் ஐடிஆர்-1 வருமான வரிப் படிவம் இனி உங்களுக்குச் செல்லாது, ஐடிஆர்-4 போட வேண்டும். போன வருடம் ஐடிஆர்-1 போட்டிருந்தால், திருத்தும் காலம் முடியுமுன் திருத்திவிடுங்கள்.

6 சதவீதம் என்பது தரை, கூரையல்ல. அதற்குமேல் உண்மையில் மிஞ்சினால் மிஞ்சியதைக் காட்டுவதே முறை. காட்டுவதில் லாபமும் உண்டு: மூன்று வருடம் 26,000 காட்டிவிட்டு நான்காம் வருடம் 5 லட்சம் கடன் கேட்டால், வங்கி மேலாளர் அந்த ரிட்டர்னைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

ரொக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நாலு தவணையாக வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் கொடுத்தவருக்கல்ல, வாங்கியவருக்கு. பெரிய ஆர்டர் வரும் நாளில் நினைவிருக்கட்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு நிதியாண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவில்லாமலேயே பில் போடலாம், வரி மட்டும் வசூலிக்கக் கூடாது. கிறிஸ்டியான்பேட்டை தாண்டிச் சித்தூரில் கல்யாணம் என்றாலும், சேவைக்கு இதே வரம்புதான். அவசரப்பட்டு எடுத்தால் என்ன ஆகும்? புகைப்படச் சேவைக்கு 18 சதவீதம். 60,000 ரூபாய் ஆர்டர் 70,800 ஆகும். கல்யாண வீட்டாருக்கு அந்த 10,800 திரும்பக் கிடைக்காது. பக்கத்துத் தெரு போட்டோகிராஃபரிடம் போய்விடுவார்கள். ஒரு வரவும் இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். மொத்த வரவில் நேராக 6 சதவீதம் கட்டிவிடும், சேவைத் தொழிலுக்கான காம்போசிஷன் முறை எளிது என்று யாராவது சொல்வார்கள். அதில் வெளிமாநில ஆர்டர் எடுக்க முடியாது. காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு சித்தூரை விட்டுவிடுவது புத்திசாலித்தனமல்ல.

நிலைமை மாறும் ஒரே இடம் கம்பெனி ஆர்டர். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குக் கேட்டலாக் படம், ஆரணிப் பட்டு விற்பவர்களுக்குச் சேலைப் படம் என்று போனால், ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள் நீங்கள் போடும் வரியைக் கழித்துக்கொள்வார்கள். உங்களிடமும் வரி பில்லைத்தான் எதிர்பார்ப்பார்கள். நீங்களும் கேமராவுக்குக் கொடுத்த வரியைக் கழிக்கலாம். வரவில் பாதி அப்படி வர ஆரம்பித்தால் 20 லட்சத்துக்குக் காத்திருக்காமல் பதியலாம். கம்பெனிகள் உங்களுக்குக் கொடுக்கும் தொகையில் டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பதுண்டு. அதை ரிட்டர்னில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உத்யம் எண் பில்லில் இருந்தால், ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் அவர்கள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்.

ஆனால் நீங்கள் வேலை செய்வதே தோல் பொருள் கம்பெனியில். நியமனக் கடிதத்தை எடுத்து, வேறு தொழில் செய்யத் தடை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மனிதவளப் பிரிவில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாரக் கடைசிக் கல்யாணங்களுக்குப் பொதுவாக மறுக்க மாட்டார்கள். போட்டிக் கம்பெனிக்குப் பொருள் படம் எடுப்பதை, அங்கே வேலையில் இருக்கும்வரை தொடாதீர்கள். வெளிநாட்டு வாங்குபவரின் சாம்பிள் ஒன்று உங்கள் கேமராவில் இருந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

வேலையை விடலாமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 60,000 ரூபாய் ஆர்டரில் இரண்டாவது போட்டோகிராஃபருக்கு 8,000, வீடியோவுக்கு 10,000, வீடியோ எடிட்டிங் 6,000, ஆல்பம் 12,000, லைட் பாய் 1,500, போக்குவரத்தும் சாப்பாடும் 2,000. இதோடு பலரும் விட்டுவிடும் ஒன்று, கருவித் தேய்மானம்: 3 லட்ச ரூபாய்க் கருவிகள் ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 60,000, இருபது ஆர்டர் என்றால் ஒன்றுக்கு 3,000. மொத்தச் செலவு 42,500. கையில் 17,500. படம் எடுத்த இரண்டு நாளும் திருத்த உட்கார்ந்த ஐந்து நாளும் சேர்த்தால் நாளுக்கு 2,500. உங்கள் சம்பளம் வருடத்துக்கு 3,36,000; அதை ஈடுகட்ட இப்படி இருபது ஆர்டர் வேண்டும். கம்பெனி கட்டும் பிஎஃப் அதில் சேரவில்லை.

இருபது ஆர்டரும் வருடம் முழுக்கப் பரவி வராது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டார் கூப்பிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையிலேயே கிடக்கும். இந்த ஓட்டையை அடைக்க நம் வட ஆற்காட்டில் வழி இருக்கிறது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி நிக்காஹ்களுக்கு ஆடியும் மார்கழியும் பொருட்டில்லை. அங்கே பெண்கள் பகுதிக்குள் நீங்கள் போக முடியாது. பயிற்சி பெற்ற ஒரு பெண் போட்டோகிராஃபரை உங்களோடு வைத்துக்கொண்டால்தான் அந்த ஆர்டர்கள் கிடைக்கும். அந்தப் படங்கள் வெளியே போகாது என்பதையும் ஆர்டர் தாளில் எழுதிக் கொடுங்கள். கிறிஸ்துவர் வீட்டுக் கல்யாணங்கள் மார்கழியிலும் வரும். இரண்டு சீசன் தொடர்ந்து இருபதைத் தொட்டு, ஆறு மாதச் சம்பளம் வங்கியில் தனியாகக் கிடந்தால் வேலையை விடுவது பற்றி யோசியுங்கள். அதுவரை வேண்டாம். ஒரே நிதியாண்டில் இப்படி 34ஆவது ஆர்டரில் ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டுவீர்கள். அந்தக் கவலை அப்போது.

கடையும் இப்போது தேவையில்லை. வாடகை, முன்பணம், மாநகராட்சி வர்த்தக உரிமம், வணிக மின் இணைப்பு, தமிழ் முதன்மையாக உள்ள பெயர்ப் பலகை என்று செலவு வரிசையாக நிற்கும். பாஸ்போர்ட் போட்டோ வியாபாரம் அந்த வாடகையைத் தாங்குமா என்பது சந்தேகம். வீட்டில் ஒரு மேசை, நல்ல மானிட்டர், வீட்டாரை உட்காரவைத்து ஆல்பம் காட்ட ஒரு இடம் போதும்.

காசை வேறு இடத்தில் போடுங்கள்: இரண்டு கார்டு போடும் கேமரா பாடி, எடுத்த படங்களுக்கு மூன்று பிரதிகள். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி. இரண்டு நாளில் 4,000 படம் எடுத்தால் 100 முதல் 120 ஜிபி, வீடியோ தனி. கார்டுகள் அழிவது பெரும்பாலும் ரிசப்ஷன் முடிந்த இரவில், விடியற்காலை முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று தூக்கக் கலக்கத்தில் ஃபார்மட் அடிக்கும்போதுதான். முகூர்த்தத்துக்கு வேறு கார்டுகள், வேறு பை. ஆல்பம் ஒப்படைத்து 90 நாள் வரை பிரதிகளை வைத்திருப்பதாக ஆர்டர் தாளில் போடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்தும் கேட்பார்கள். கருவிகளுக்குக் காப்பீடு எடுக்கும்போது, ஆளில்லாத வண்டியிலிருந்து திருடு போனால் பணம் உண்டா என்று அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பழைய லென்ஸ் வாங்கினாலும் வரிசை எண்ணோடு பில் கேளுங்கள். பில் இல்லாத பொருளுக்கு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு.

ப்ரீ வெட்டிங் எடுக்கும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்டாண்டு, லைட் வைத்து ஜோடியை நிறுத்தி எடுக்க முன் அனுமதி வேண்டும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமரா போகாது. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் வனத்துறையிடம் கேட்க வேண்டும். ரயில் பாதையில் ஜோடியை நடக்கவிடும் வழக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், உயிருக்கும் ஆபத்து. ட்ரோன் 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதென்றால், தொழிலுக்குப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவை; ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். அரக்கோணம் பக்கம் கல்யாணம் என்றால் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடலாமா கூடாதா என்று வரைபடத்தில் மண்டலம் பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். சான்றிதழ் உள்ள ஆளை அந்த நாளுக்கு மட்டும் அமர்த்துவது மலிவு.

அந்த 12,000 ரூபாய். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதால் கையில் இருப்பதைக் கோர்க்க வேண்டும்: பேசிய தொகை உள்ள வாட்ஸப் செய்தி, வந்த ஜிபே வரவுகள், ஆல்பம் கொடுத்த நாளின் படமோ செய்தியோ. படங்களை நீக்கிவிட்டதைத் தனிச் செய்தியாகத் தெரிவியுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி: ‘வணக்கம் சார், மொத்தம் பேசியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, பாக்கி 12,000. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.’ கோபம் ஒரு சொல்லிலும் வேண்டாம். அவர் ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று பதில் போட்டால் அதுவே கடனை ஒப்புக்கொண்ட எழுத்து. பதிலே இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். வேலை முடிந்து மூன்று வருடம் வரை வழக்குத் தொடர அவகாசம் உண்டு. ஆனால் இந்தத் தொகைக்கு வக்கீல் ஃபீஸ் கொடுத்துக் கோர்ட்டுக்கு அலைவது கட்டுப்படியாகாது. நோட்டீஸுக்கும் அசையாவிட்டால் கணக்கில் வராக்கடன் என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டு ஆல்பத்தைக் கடைசித் தவணை வராமல் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.